ஆமை வேகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்

கேஸ் முடிந்துவிட்டது என்று செந்தமிழன் காலை பத்தரைக்கே முடிவு கட்டிவிட்டான். முடிவு கட்டுவதில் அவனுக்கு எப்போதுமே தாமதம் கிடையாது. அவன் கட்டிய முடிவை அவிழ்ப்பதற்குத்தான் அம்புஜவல்லிக்கு நேரம் பிடிக்கும்.

"இதோ பாருங்க மேடம்," என்று ராஜாங்கம் செராமிக்ஸ் ஆபீஸ் கேமராவில் பதிவான படத்தை நிறுத்திக் காட்டினான். "ஆகஸ்ட் பதினாலு. மத்தியானம் ஒண்ணு அஞ்சு. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணு மட்டும் வருது, பெண்டிரைவைச் சொருவுது, இருவத்திரண்டு நிமிஷம் ஒக்காந்திருக்குது, எடுத்துக்கிட்டுப் போயிடுது. இதுக்கு மேலயும் துப்பு வேணும்னா, அது கேமராவைப் பாத்து டாட்டாதான் காட்டணும்."

அம்புஜவல்லி படத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த கேட்லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் விருத்தாசலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் காணாமல் போன மூட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். ரிட்டயர் ஆன பிறகு ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடியறையை எடுத்து, 'அம்புஜவல்லி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினார். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை குடிப்பாரா என்கிற விசாரணைதான். செந்தமிழன் பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். ஊரே போனில் பிரவுஸ் செய்ய ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு, இரண்டு வருஷமாக இவரிடம் இருக்கிறான். கம்ப்யூட்டரும் வாயும் அவன் பொறுப்பு. மற்றதெல்லாம் மேடம்.

"நாப்பது பொம்மையா சார்?" என்று அம்புஜவல்லி கேட்டார்.

"நாப்பதும்மா," என்றார் ராஜாங்கம். ராஜாங்கம் செராமிக்ஸின் முதலாளி. போன மாதம் அறுபது முடிந்தவர். "கொலுவுக்குக் கல்யாண செட்டு. பொண்ணு பாக்கறதுல ஆரம்பிச்சு மறுவூடு போற வரைக்கும். ரெண்டு வருஷ வேலை. இன்னும் சூளையில ஒரு பொம்மைகூட வெக்கல. அதுக்குள்ள ரெண்டு தெரு தள்ளி எங்க பெரியப்பா மவன் ராஜமாணிக்கம் கேட்லாக்கு போட்டுட்டான். அதே நாப்பது. நாதஸ்வரக்காரர் மூஞ்சியில இருக்கிற மச்சம் மொதக்கொண்டு அதே."

"மச்சம் நீங்க வெச்சதா?"

"இனியா வெச்சது."

இனியாதான் கேமராவில் இருந்த பெண். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், வயது இருபத்தாறு. கம்ப்யூட்டரில் அவள் செதுக்குகிற பொம்மைதான் அப்புறம் அச்சாகி, களிமண் கூழாகி, சூளைக்குப் போகும். இப்போது அவள் வாட்ச்மேன் உட்காரும் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். நாலு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாக ராஜாங்கம் அறிவித்திருந்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. ஸ்டேஷன்ல குடுக்கறதுக்கு ஒரு ரிப்போர்ட்டு. இனியாதான் எடுத்தான்னு ஒரு வரி. கீழ உங்க கையெழுத்து."

"கண்டுபிடிக்க வேணாமா?"

"அதான் நானே கண்டுபிடிச்சிட்டேனே!"

"அந்தப் பொண்ணு என்னங்க சொல்லுது?"

"பொம்மைங்கள்ல வூட்ல செஞ்ச திருத்தத்தைக் கொண்டாந்து டிஸ்க்குல ஏத்தினேன்னுது. எவனாவது ஆபீஸ் வேலையை வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி செய்வானா? ஆபீஸ்லயே செய்ய மாட்டறானுங்க."

செந்தமிழன் தலையாட்டினான். அந்த வாதம் அவனுக்கு நியாயமாகவே பட்டது.

பொம்மைகள் இருக்கும் இடத்தை ராஜாங்கம் விரலால் காட்டினார். மூலையில் நின்ற இரும்பு பீரோவின் தலையில் ஒரு ரவுட்டர். அதன் முதுகில் சொருகிய ஒயரின் முனையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். ஆபீசில் இருக்கிற ஆறு கம்ப்யூட்டரும், முதலாளி அறையில் இருக்கிற டிவியும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுப்பதற்கும் டவுன்லோடு என்றுதான் பேர், போடுவதற்கும் டவுன்லோடு என்றுதான் பேர். பாதுகாப்பு பலமானது. ஐந்து கம்ப்யூட்டரில் பெண்டிரைவ் சொருகும் இடத்தை ராஜாங்கமே தன் கையால் பசை வைத்து அடைத்திருந்தார். முன்னறையில் இருந்த ஆறாவதில்தான் சொருக முடியும். அதற்கு நேர் மேலே கேமரா.

"இவ்ளோ பாத்துப் பாத்து வெச்சும் போயிடுச்சே," என்று ராஜாங்கம் பெருமூச்சு விட்டார். "நேரமே சரியில்லம்மா. இந்தச் சனியன் புடிச்ச டிஸ்க்குகூட இப்ப ஆமை மாதிரி ஊருது. டவுன்லோடு ஆவறதுக்குள்ள உசுரு போவுது. இன்டர்நெட்டுக்காரனுக்கு இது வரைக்கும் பதினோரு கம்ப்ளைன்ட்டு குடுத்துட்டேன். வரான், லைனு நல்லா இருக்குதுன்றான், டீ குடிச்சிட்டுப் போறான்."

அம்புஜவல்லி கேட்லாக்கை மூடினார்.

"எவ்ளோ மெதுவா?"

"அது எதுக்கும்மா இப்ப? திருட்டைப் பாருங்க."

"திருட்டைத்தாங்க பாக்கறேன். செந்தமிழா, அந்த நாப்பது பொம்மையையும் உன் டிஸ்க்குல ஏத்து."

செந்தமிழன் முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். கேமராவில் இனியா உட்கார்ந்த அதே நாற்காலி. பொம்மைக்கு மூன்று ஜிபி வீதம் நூற்றிருபது. தன்னுடைய டிஸ்கைச் சொருகி, மொத்தத்தையும் பிடித்து இழுத்துப் போட்டான். பச்சைக் கோடு நகரலாமா வேண்டாமா என்று யோசித்தது. கீழே எழுத்து வந்தது. அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"மேடம், அஞ்சு மணி முப்பத்து மூணு நிமிஷம் ஆவும்னுது."

"அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்துது?"

"இருவத்திரண்டு நிமிஷம்."

"அதுல எத்தனை பொம்மை வரும்?"

செந்தமிழன் மனக்கணக்குப் போட்டான். காலையில் கட்டிய முடிவு சற்றுத் தளர்வதை உணர்ந்தான். "ரெண்டு முழுப் பொம்மை. மூணாவது இடுப்பு வரைக்கும்."

"கேட்லாக்குல இடுப்பு வரைக்கும் எந்தப் பொம்மையும் இல்லியே," என்றார் அம்புஜவல்லி.

ராஜாங்கம் எழுந்து நின்றுவிட்டார். "அதெப்படி? அப்ப வேகமா இருந்தப்ப எடுத்திருப்பா! இது முன்ன இப்படி இல்லம்மா. பறக்கும்!"

"எது வரைக்கும் பறந்துது?"

ராஜாங்கம் போனை எடுத்துக் கம்ப்ளைன்ட் பட்டியலைக் காட்டினார். அந்தப் பட்டியலில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முதல் கம்ப்ளைன்ட் ஆகஸ்ட் நாலு, திங்கட்கிழமை, மதியம் இரண்டே முக்கால்.

"சனிக்கெழம சாயங்காலம்கூட நல்லா இருந்துது. கடைசிப் பொம்மை, மாப்பிள்ளை அழைப்பு காரு, அதை ஏத்தினப்ப நானே பக்கத்துல நின்னேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஏறிடுச்சு. எல்லாரும் போனப்பறம் நான்தான் பூட்டினேன்."

"மறுநாளு?"

"ஞாயித்துக்கெழமை. ஆடிப்பெருக்கு வேற. லீவு."

"சாவி?"

"ஒரே சாவிம்மா." ராஜாங்கம் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "தூங்கறப்பகூட இங்கதான். வூட்டுக்காரிகிட்டகூடக் குடுக்கறதில்ல."

அம்புஜவல்லி கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நாற்பதாவது பொம்மை. மாப்பிள்ளை அழைப்பு கார், பானெட்டில் பூமாலையோடு.

"சனிக்கெழம சாயங்காலந்தான் இந்தக் காரே பொறந்திருக்குது. திங்கக்கெழம டிஸ்க்கு ஆமையாயிடுச்சு. அதுக்கப்பறம் நாப்பதையும் எடுக்கணும்னா அஞ்சரை மணி நேரம் கேமராவுக்குக் கீழ ஒக்காரணும். கெளப்பிட்டுப் போனவன் நடுவுல ஞாயித்துக்கெழமதான் கெளப்பியிருக்கணும்."

"ஞாயித்துக்கெழம ஒரு ஈ காக்கா வரலம்மா!"

"அதாங்க எனக்கும் புரியல."

ராஜாங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு. அதில் அவர் யாருக்காகவும் மாற்றம் செய்வதில்லை. "என்னமோ பாருங்க. நான் மூணரைக்கு வரேன். நாலு மணிக்கு ஸ்டேஷன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்புஜவல்லி சொன்னார்: "டிஸ்க்குல ஞாயித்துக்கெழம தேதி போட்டு ஏதாவது இருக்குதா, பாரு."

ஒன்றே ஒன்று இருந்தது. ஆகஸ்ட் மூன்று, மதியம் பன்னிரண்டு நாற்பது. அறுபது ஜிபிக்கு மேல். பேர்: 'ஆர் 60 ஃபைனல் ஃபைனல்'. செந்தமிழன் அதை முதலாளி அறை டிவியில் ஓடவிட்டான். தங்க எழுத்துகள் சுழன்று வந்து நின்றன: நிலவன் டிஜிட்டல் ஸ்டூடியோ, சேத்தியாத்தோப்பு. பிறகு திருக்கடையூர். பிறகு கழுத்து கொள்ளாத மாலையோடு ராஜாங்கம், பக்கத்தில் அவர் மனைவி. அறுபதாம் கல்யாணம். முகத்தில் இருந்த ஒவ்வொரு வியர்வைத் துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ராஜாங்கம் தாலியை எடுத்தார், மனைவியின் கழுத்தை நோக்கிக் கொண்டுபோனார், அப்படியே உறைந்தார். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேடம்," என்றான் செந்தமிழன் மெதுவாக. "பதினோரு கம்ப்ளைன்ட்டும் மத்தியானம் ரெண்டே முக்காலுக்குத்தான் குடுத்திருக்காரு. சாப்ட்டு வந்து இதைத்தான் பாக்கறாரு. டிசைனு மெதுவா வருதுன்னு இல்ல. தாலி ஏற மாட்டேங்குதுன்னுதான் இன்டர்நெட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்காரு."

அம்புஜவல்லி சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, புடவையை இடுக்கிக்கொண்டு ஏறி, பீரோவின் தலையைப் பார்த்தார். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குள் எதுவும் ஒரு வாரம் சும்மா இருக்க முடியாது, வெள்ளைப் பொடி படிந்துவிடும். பீரோவின் தலையில் அது போர்வை மாதிரி கிடந்தது.

"ரவுட்டர் முதுகுல ரெண்டு ஓட்டை இருக்குது. ஒண்ணு உள்ள நீலம், ஒண்ணு கறுப்பு. டிஸ்க்கு இப்ப எதுல இருக்குது?"

"கறுப்புல மேடம்."

"கறுப்பு ஓட்டையைச் சுத்தி மூணு வருஷத்துப் பொடி. ஒயரு உள்ள போனதுல காஞ்ச களிமண்ணு மாதிரி வெடிச்சிருக்குது. நீலத்துல ரெண்டு மூணு வாரத்துப் பொடிதான். அப்படின்னா?"

செந்தமிழன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இத்தினி வருஷமா டிஸ்க்கு நீலத்துலதான் இருந்திருக்குது! நீலம் புது மாடல் ஓட்டை, வேகமானது. கறுப்பு பழசு. யாரோ புடுங்கி எடுத்துட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து மாத்திச் சொருவிட்டாங்க."

"மாத்திச் சொருவிப் பாரு."

ஒயரை நீலத்துக்கு மாற்றினான். முன்னறைக் கம்ப்யூட்டரில் மறுபடி காப்பி போட்டதும் ஐந்தரை மணி நேரம் ஐம்பது நிமிஷமாகச் சுருங்கியது. முதலாளி அறை டிவியில் ராஜாங்கம் ஒரே மூச்சில் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். மேளம் கொட்டியது.

"ஆக, டிஸ்க்கே வெளிய போயிருக்குது," என்றார் அம்புஜவல்லி, ஸ்டூலிலிருந்து இறங்கி. "போன எடத்துல இந்தக் கல்யாணம் ஏறியிருக்குது. வண்டிய எடு. சேத்தியாத்தோப்பு."

வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை செந்தமிழன் ஒரு திருடனைத் தயார் செய்தான். கேட்டைத் தாண்டிக் குதித்து, தகரக் கூரையைப் பெயர்த்து, கயிற்றில் இறங்கி, டிஸ்கைத் தூக்கியவன். பெயர் நிலவன். தொழில் வீடியோ.

"தூக்கனவன் அதுல முதலாளியோட கல்யாண வீடியோவை எதுக்கு ஏத்திட்டுத் திருப்பி வெச்சான்?" என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது.

"மனசாட்சி மேடம். ஒண்ணு எடுத்தா ஒண்ணு குடுக்கணும்னு."

"பாலத்துல மெதுவாப் போ."

நிலவன் டிஜிட்டல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருந்தது. நிலவனைப் பார்த்ததும் செந்தமிழன் தன் திருடனைக் கைவிட்டான். கயிறு தாங்கக்கூடிய உடம்பு அல்ல அது. கையில் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு, கூடைக்குள் படுத்திருந்த குழந்தையைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். குழந்தையும் தாயும் போகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஆடிப்பெருக்கன்னிக்கி ராஜாங்கம் சார் கம்பெனிக்கு நீங்க போனீங்களா தம்பி?" என்று அம்புஜவல்லி கேட்டார்.

"நான் எதுக்குங்க போறேன்? அவருதான் வந்தாரு."

செந்தமிழன் வாயைத் திறந்தான். அம்புஜவல்லி அவன் காலை மிதித்தார்.

"எதுக்கு வந்தாரு?"

"அறுபதாங்கல்யாண வீடியோ வாங்கத்தான். சின்னதாக்கிக் குடுக்கறேங்க, பெண்டிரைவுல கொள்ளும்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், ஃபுல் கிளாரிட்டியில வேணும்னுட்டாரு. அதுக்குப் பெரிய டிஸ்க்கு வேணும்னேன். மஞ்சப்பையில ஒண்ணைச் சுருட்டி எடுத்துட்டு வந்து நின்னாரு. கம்பெனில இருந்து நானே புடுங்கிட்டு வந்தேன், யாரையும் நம்ப முடியாதுன்னாரு."

"அப்பறம்?"

"நேரம் ஆவும், சாப்ட்டு வாங்கன்னேன். படி எறங்கறப்ப, 'தம்பி, இது போயிடக்கூடாது, ஒரு காப்பி போட்டு வச்சிக்க'ன்னாரு. எதைன்னு சொல்லல. முழு டிஸ்க்கையும் போட்டு வச்சிட்டேன். பெரிய மனுஷன் சொன்னா செய்யறதுதானே."

"அதை யாருக்குக் குடுத்தீங்க?"

நிலவன் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. "யாருக்கும் குடுக்கலியே... அவங்க அண்ணனுக்குத்தான் குடுத்தேன். ராஜமாணிக்கம் சாரு. கல்யாணத்துல பக்கத்துலயே நின்னு அட்சதை போட்டாரு, வீடியோவுலயே இருக்குது பாருங்க. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தவரு, அந்தப் பொம்மை ஃபோல்டரைப் பாத்தாரு. இது எங்க வூட்டு வேலைதான் தம்பி, எனக்கும் ஒண்ணு ஏத்திக் குடுன்னாரு. மறுநாளே டிஸ்க்கு கொண்டாந்தாரு." குரல் இறங்கியது. "அவங்க ஒரே குடும்பம்தானேங்க?"

"ஒரே குடும்பந்தான்," என்றார் அம்புஜவல்லி. "அவரு உங்களுக்கு மெசேஜ் எதனா போட்டாரா?"

போட்டிருந்தார். 'தம்பி, அந்த நாற்பது பொம்மையும் மறக்காமல் ஏற்றி வை. ராஜாங்கத்திடம் சொல்ல வேண்டாம், சஸ்பென்ஸ்.' அனுப்பிய தேதி ஆகஸ்ட் ஆறு. நிலவன் அதை ஏதோ கல்யாணப் பரிசு என்று நினைத்திருந்தார். அவர் சொன்னதையெல்லாம் செந்தமிழன் ஒரு தாளில் எழுதினான். நிலவன் கீழே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் பாலத்தில் செந்தமிழன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். "கூரையைப் பேக்கவே வேணாம் மேடம். சாவி இடுப்புலயே இருந்திருக்குது," என்றான்.

மூன்றே முக்காலுக்கு ராஜாங்கம் ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக இருந்தார். சலவை வேட்டி, சட்டைப் பையில் பேனா. அம்புஜவல்லி தாளைக் கொடுத்தார். அவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்து, மீதியைப் படித்தார்.

"அது என் டிஸ்க்கும்மா," என்றார் கடைசியில். "என் டிஸ்க்கை நான் எடுத்துட்டுப் போனா அது திருட்டா?"

"இல்லீங்க. அதுக்கு வேற பேரு இருக்குது. அதை நான் ரிப்போர்ட்ல எழுதல."

"ராஜமாணிக்கத்தை வுட மாட்டேன். இப்பவே கம்ப்ளைன்ட் குடுக்கறேன்!"

"குடுங்க. மெசேஜ் இருக்குது, நிலவன் தம்பி சாட்சி சொல்லுவாரு. டிஸ்க்கு எப்படி வெளிய வந்துதுன்னு மட்டும் உங்க கைப்பட எழுதணும்."

ராஜாங்கம் பேனாவை வெளியே எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார். கேட்லாக்கைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணை நாளையிலருந்து வேலைக்கு வரச் சொல்லிடுங்க. நடந்ததை விட்டுடலாம். வெளிய எதுவும் பேச வேணாம்."

"அதை நீங்களே சொல்லிடுங்க. வாசல்லதான ஒக்காந்திருக்குது."

இனியா பெஞ்சிலிருந்து எழவில்லை. காலையிலிருந்து அங்கேயே இருந்ததில் முகம் வாடியிருந்தது. ஆனால் அழுத மாதிரி தெரியவில்லை. ராஜாங்கம் அவளுக்கு எதிரே நின்று, ஏதோ தப்பு நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதம்மா, நாளைக்கு வந்துடு என்று வேகமாகச் சொல்லி முடித்தார்.

"என்ன தப்பு சார்?"

"டிஸ்க்கு... மெதுவாயிடுச்சில்ல. அதுல ஒரு குழப்பம்."

"மெதுவாயிடுச்சுன்னுதான சார் நான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி செஞ்சேன்? இங்க ஒரு பொம்மையைத் தொறக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. சொன்னேன். நீங்க நம்பல." அவள் நிறுத்தினாள். "நேத்து அச்சுக் கொட்டாயில எல்லாரையும் நிக்க வெச்சு, என் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னீங்க. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொறக்கச் சொன்னீங்க. அங்க வந்து சொல்லுங்க. இங்க வாட்ச்மேனுக்கு மட்டும் சொன்னா போதாது."

ராஜாங்கம் அம்புஜவல்லியைப் பார்த்தார். அம்புஜவல்லி எதிரே போகிற லாரியைப் பார்த்தார்.

அச்சுக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். வரிசையாக அச்சுகள், அவற்றில் களிமண் கூழை ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள். முதலாளி சலவை வேட்டியோடு உள்ளே வந்ததும் கை நின்றது. ராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

"இனியா எதையும் எடுக்கல. விசாரிச்சாச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. எல்லாரும் வேலையைப் பாருங்க."

யாரும் வேலையைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையில் நின்ற பெரியம்மாள் முழங்கை வரை ஒட்டியிருந்த கூழைப் புடவையில் துடைத்தாள். இருபது வருஷமாக அங்கே கூழ் ஊற்றுகிறவள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதாக அவள்மேல் யாரும் குற்றம் சொன்னதில்லை.

"அப்ப யாரு சார் எடுத்துட்டுப் போனது?"

"அது... ராஜமாணிக்கம் கைக்குப் போயிடுச்சு."

"அவரு கைக்கு யாரு கொண்டு போனது?"

ராஜாங்கம் ஒருமுறை வாசலைப் பார்த்தார். வாசலில் அம்புஜவல்லி நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார் ராஜாங்கம். "தெரியாம. நானே எடுத்துட்டுப் போயி வெளிய குடுத்துட்டேன்."

பெரியம்மாள் ஒரு நொடி யோசித்தாள்.

"அப்ப உங்க பையைக் கொட்டுங்க சார்."

முதலில் ஒருத்திதான் சிரித்தாள். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. ராஜாங்கத்தின் காது சிவந்தது. கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்த பேனாவைத் தொட்டுவிட்டு இறங்கியது. சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார். ஓடிவிடவில்லை. அந்த அளவுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனியா சிரிக்கவில்லை. "வுடுங்கக்கா," என்றாள் பெரியம்மாளிடம். பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "கொலுவுக்கு ஒரு மாசந்தான் இருக்குது. அந்த நாப்பதைப் போட்டா நம்மளுது காப்பின்னுதான் ஊரு சொல்லும். புதுசா செய்யணும். பதினஞ்சு பண்ணலாம். நான் பண்றேன். ஆனா ஆறு மணிக்கு மேல ஒரு பொம்மைகூடத் தொட மாட்டேன். வூட்டுக்கு எதுவும் எடுத்துட்டுப் போவ மாட்டேன்."

"சரிம்மா," என்றார் ராஜாங்கம். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி அந்தக் கொட்டகை கேட்டதில்லை.

ஐந்து மணி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்காக இனியா கேட்டுக்கு வெளியே நின்றாள். வண்டியை எடுக்க வந்த செந்தமிழன் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவளிடம் போனான்.

"இனியாம்மா. காலைல கேமராவைப் பாத்துட்டு நானும் நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். மேடம் இல்லன்னா அப்பவே ரிப்போர்ட் டைப் அடிச்சிருப்பேன்."

"தெரியும் சார்," என்றாள் இனியா. "உள்ள போறப்ப பெஞ்சுல என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. இன்னிக்கி அந்தப் பக்கமாப் போனவங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

செந்தமிழன் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேன் சார்," என்றாள். அம்புஜவல்லி வந்து பின்சீட்டில் ஏறி, தோளைத் தட்டுகிறவரை அவன் வண்டியைக் கிளப்பவில்லை.